பரணில் இருந்து இறங்கிய கிடார்

எல்லாருக்கும் ஒரு வயதில் கிடார் ஆசை வரும். சினிமாவில் கதாநாயகன் கிடாரை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் நடந்து வருவான்... உடனே நமக்கும் ஒன்று வேண்டும்! வாங்கி வந்த முதல் வாரம் வீடே அதிரும். இரண்டாம் வாரம் விரல் வலிக்கும். மூன்றாம் வாரம் செமஸ்டர் வந்துவிடும். அப்புறம் அது சுவரில் ஒரு ஆணியில், போன வருடக் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும். பெரும்பாலான கிடார்களின் வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான்.

வேங்கிக்காலில் இருக்கும் ஒரு எலக்ட்ரிக் கிடாரின் கதை மட்டும் கொஞ்சம் வேறு.

திருவண்ணாமலையை விட்டு வேலூர் சாலையில் வந்தால் வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸ் இங்கேதான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் காலையிலேயே மாவட்டத்தின் மூலை முடுக்கிலிருந்து எல்லாம் ஜனங்கள் வந்து இறங்கிவிடுவார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, தண்ணீர்ப் பிரச்சினை என்று ஆளுக்கு ஒரு குறை. அவர்களுக்கு மனு எழுதித் தருபவர்களில் ஒருவர்தான் இந்தக் கதையின் மாமா. கதையின் நாயகன் அவருடைய அக்கா மகன். பி.காம். மூன்றாம் ஆண்டு.

போன பொங்கலுக்கு முன்பு வீட்டை வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் அது கிடைத்தது. பழைய போர்வையில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் சிவப்பு நிற எலக்ட்ரிக் கிடார்! கம்பிகள் எல்லாம் துரு. இரண்டு கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது.

"அம்மா, இது யாருது?"

"உங்க மாமாவுது தம்பி. அப்படியே மூடி வை. அவன் பார்த்தா மனசு கஷ்டப்படும்."

மாமா ஒரு காலத்தில் லைட் மியூசிக் குழுவில் லீட் கிடார் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று வருடம் முழுவதும் ஊர் ஊராகப் போவார்களாம். பிறகு ரிதம் பதிந்த கீபோர்டுகள் வந்தன. தபேலா, டிரம்ஸ், கிடார் என்று நான்கைந்து பேர் செய்த வேலையை ஒரே ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்து செய்ய ஆரம்பித்தார். அதற்கும் பிறகு பாட்டைப் போட்டுவிட்டால் தானாக ஓடும் ஸ்பீக்கர் செட் வந்தது. குழு கலைந்தது. அதே சமயத்தில் பைக்கில் போய் விழுந்ததில் மாமாவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப் போயின. கிடார் பரணுக்குப் போனது. மாமா மனு எழுத வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பையன் பயந்து பயந்துதான் கேட்டான்.

"மாமா, அந்த கிடாரை நான் எடுத்துக்கட்டுமா?"

மாமா தலையைத் தூக்கவே இல்லை. "எடுத்துக்கோ மாப்ள. எனக்குக் காட்டாத."

கரண்டு எங்கே இருக்கிறது?

எலக்ட்ரிக் கிடார் என்றால் ஏதோ மேல்நாட்டு மந்திரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். கம்பிக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். இதற்குப் பெயர் பிக்கப். இரும்புக் கம்பி அதன் மேலே அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மெல்லிய மின்சாரம் உண்டாகும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்துச் சொன்ன அதே விதி. அந்தத் துளி மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான்!

அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் 1931-ல் இப்படி ஒரு பிக்கப்பைச் செய்தார். ரிக்கன்பேக்கர் நிறுவனம் அதை வைத்துச் செய்த கிடார் 1932-ல் விற்பனைக்கு வந்தது. பார்ப்பதற்கு வாணலி மாதிரி இருந்ததால் அதற்கு 'ஃபிரையிங் பேன்' என்றே பெயர். அன்றைய பாண்டு வாத்தியக் குழுக்களில் டிரம்பெட், சாக்ஸபோன் சத்தத்துக்கு நடுவில் கிடார் யார் காதிலும் விழவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது பிறந்தது.

இன்று உலகம் முழுவதும் நகல் எடுக்கப்படும் வடிவம் 1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர். மாமாவின் சிவப்பு கிடாரும் அதன் நகல்தான். இதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்கு கிடார் வாசிக்கத் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை!

ஆகவே நம் பையனும் கிடாரை முதலில் கொண்டு போனது சங்கீத வாத்தியாரிடம் அல்ல, ஒரு டி.வி. மெக்கானிக்கிடம். அவர் பின்பக்கத் தகட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "இதுல என்ன தம்பி இருக்கு? ஒரு ஒயர் விட்டுப்போச்சு, ஜாக்கு துரு ஏறிடுச்சு." ஈயம் வைத்து ஒட்டிக் கொடுக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. வால்யூம் திருகில் இருந்த கரகரப்பும் கொஞ்சம் எண்ணெய்ச் சொட்டில் போய்விட்டது.

பி.காம். படிப்பவன் ஆயிற்றே, ஒரு நோட்டில் கணக்கு எழுதினான். கிடார்: தேய்மானம் முழுவதும் கழித்த சொத்து, புத்தக மதிப்பு பூஜ்யம். ஜாக்கும் கூலியும் 160 ரூபாய். கம்பி செட் ஒன்று 450 ரூபாய். பழைய சிறு ஆம்ப் ஒன்று, நண்பனிடம் கடனாக. வரவு என்ற பக்கத்தில் ஒன்றும் இல்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குப் பலரும் சொல்லும் அறிவுரை, "முதலில் சாதா கிடார் பழகு, அப்புறம் எலக்ட்ரிக்." இது கட்டாயம் இல்லை. எலக்ட்ரிக்கில் கம்பி மெல்லியது. முதல் கம்பி வெறும் 0.009 அங்குலம் கனம் உள்ள செட் சாதாரணமாகக் கிடைக்கும். கழுத்தும் ஒடுக்கம். அழுத்துவது சுலபம். இன்னொரு வசதி, ஆம்ப் இல்லாமல் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ராத்திரி பதினொரு மணிக்கும் வாசிக்கலாம், கரண்ட் போனாலும் வாசிக்கலாம்.

கம்பிகள் ஆறு. தடித்ததிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் இங்கே ஃப்ரெட். சுருதி சேர்க்க ஒரு பழைய வழி உண்டு. ஆறாவது கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஒலியும், அழுத்தாத ஐந்தாவது கம்பியின் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படியே ஒவ்வொன்றாகக் கீழே வரலாம். மூன்றாவது கம்பியில் மட்டும் நான்காவது ஃப்ரெட். இன்று செல்போனிலேயே டியூனர் வந்துவிட்டது. ஆனாலும் காதால் ஒரு முறை சேர்த்துப் பாருங்கள். காதுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

விரலை ஃப்ரெட்டின் மேலே வைக்கக் கூடாது, அதை ஒட்டிப் பின்னால் வைக்க வேண்டும். இது தெரியாமல் பையன் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். விரல் நுனி கொப்பளித்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட தினமும் இருபது நிமிடம் வாசிப்பது மேல். சில வாரங்களில் நுனித்தோல் காய்த்துவிடும், வலி போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. ஆம்பில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தால் பெரும்பாலும் அது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். பழைய வீடுகளில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். நம் கை உலோகக் கம்பியில் இருக்கிறது, அந்தக் கம்பி ஆம்போடு இணைந்திருக்கிறது. விளையாட்டல்ல.

பக்கத்து ஊர்க்காரர்

இரண்டாம் மாதத்தில் எல்லாருக்கும் வரும் சோர்வு அவனுக்கும் வந்தது. 'இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவருமா? கான்வென்ட் பசங்க சமாச்சாரம்' என்ற எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பெயர்... பிரசன்னா.

எலக்ட்ரிக் கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசித்து உலகம் சுற்றும் பிரசன்னா வளர்ந்தது ராணிப்பேட்டையில். ஆரணி, ஆற்காடு வழியாகப் போனால் வந்துவிடும் ஊர். 1989 வரை திருவண்ணாமலையும் ராணிப்பேட்டையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான்! சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு, பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். 2006-ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற ஆல்பம் செய்தார். 2009-ல் ஆஸ்கார் விருது பெற்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கு இசை அவருடையதுதான்.

ஃப்ரெட் போட்ட வாத்தியத்தில் கமகம் எப்படி வரும் என்று கேட்கலாம். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். வீணையில் செய்வதும் அதுதான். விரலைத் தேய்த்தபடி ஒரு ஃப்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கலாம். மெல்லிய கம்பி என்பதால் இழுக்க வரும், மின்சாரம் இருப்பதால் ஒலி சட்டென்று சாகாமல் நிற்கும். யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினை எலக்ட்ரிக் ஆக்கியதும் இதே காரணத்தால்தான். சாதா மாண்டலினில் கம்பிகள் இரட்டை இரட்டையாக இருக்கும், ஒலி டக்கென்று நின்றுவிடும். அவர் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து போட்டு பிக்கப் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதில் 1978-ல் மேடை ஏறியவர், 2014-ல் நாற்பத்தைந்து வயதில் மறைந்தார். இதற்கெல்லாம் முன்பே, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவரவில்லையா? வாத்தியம் எங்கிருந்து வந்தால் என்ன?

சினிமா பக்கம் பார்த்தாலும் அப்படித்தான். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடைக் கச்சேரி செய்த இளையராஜா, 1968-ல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கினார். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு மற்ற இசையமைப்பாளர்களுக்கு கிடார் வாசித்தவர்தான் அவர். அவருடைய குழுவில் கிடாருக்கு சதானந்தம், பேஸ் கிடாருக்கு சசிதரன்... 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டில் வரும் கிடாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கிடார் எடுத்த தமிழ்ப் பையன் எவனும் முதலில் முயற்சி செய்து தோற்பது அந்தப் பாட்டில்தான்!

இரண்டு விரல்

நான்கு கார்டு அவனுக்கு வந்துவிட்டது. இ மைனர், ஜி, சி, டி. ஆனால் ஜி-யிலிருந்து சி-க்கு மாறுவதற்குள் வலது கை நின்றுவிடும். விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி வைத்து, பார்த்து, பிறகுதான் தட்டுவான். பாட்டு நொண்டி நொண்டி நடந்தது. திண்ணையில் உட்கார்ந்து மறுநாள் மனுக்களுக்குத் தாள் அடுக்கும் மாமாவுக்கு இது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்து ஏரிப் பக்கம் போய்விடுவார்.

ஒரு நாள் அவன் துணிந்து ஜாங்கோ ரைன்ஹார்ட் கதையைச் சொன்னான். 1928-ல் அவருடைய வண்டி வீடு தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் பாழாகிவிட்டன. மாமாவுக்குப் போன அதே இரண்டு விரல்! மீதி இரண்டு விரலை வைத்தே ஐரோப்பாவின் ஜாஸ் கிடாரில் அவர் தனி வழி போட்டார். பர்மிங்காமில் தகடு வெட்டும் இயந்திரத்தில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக்கில் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, கம்பியைத் தளர்த்தி வாசித்து, பிளாக் சாபத் குழுவின் ஒலியையே உண்டாக்கினார்.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அவங்கள்லாம் மேதை மாப்ள. நான் மனு எழுதறவன்."

ஆனாலும் கையை நீட்டினார். இருபது வருடம் கழித்து! பையன் கம்பிகளை அரைச் சுருதி தளர்த்திக் கொடுத்தான். மாமா மடியில் வைத்து இடது கையைக் கழுத்தில் வளைத்தார். மடங்கிய விரல்கள் கம்பிக்குக் குறுக்கே வந்து தட்டின. இரண்டு முறை, மூன்று முறை பார்த்தார். 'டப்' என்று செத்த ஒலிதான் வந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கிடாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா உள்ளிருந்து வந்து பையனை ஒரு பார்வை பார்த்தாள். அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதோடு விட்டிருந்தால் கிடார் மறுபடி பரணுக்குத்தான் போயிருக்கும். அவன் மாமாவை மறுபடி வற்புறுத்தவில்லை. தன் இருபது நிமிடத்தையும் விடவில்லை. ஜி... நின்று... சி. ஜி... நின்று... சி.

பத்து நாள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையிலிருந்து சத்தம் வந்தது.

"கையை நிறுத்தாதடா! இடது கை வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். வலது கை நிக்கவே கூடாது. அதுதான் வண்டி. இன்னாத்தைக் கத்துக்கின நீ?"

"எப்படி மாமா? விரல் போய்ச் சேர மாட்டேங்குதே..."

மாமா விடுவிடென்று வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிளெக்ட்ரத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நீ இடது கையை மட்டும் பார். தட்டுறதை நான் பார்த்துக்கறேன்."

கிடார் அவன் மடியில். இடது கை அவனுடையது, வலது கை மாமாவுடையது. ஒன்று இரண்டு மூன்று நான்கு... மாமாவின் மணிக்கட்டு சுழல ஆரம்பித்தது. இருபது வருடத்தில் அந்தக் கை எதையும் மறக்கவில்லை! தாளம் யாருக்கும் காத்திருக்காமல் ஓடியது. பையனின் விரல்கள் அலறி அடித்துக்கொண்டு பின்னால் ஓடின. முதலில் பாதி கார்டு தப்பு. மாமா நிறுத்தவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு சுற்று தப்பில்லாமல் வந்தது. இன்னொரு சுற்று. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது. மெட்ரோனோம் என்ற கருவி செய்வதும் இதைத்தான், நமக்காக நிற்காது. ஆரம்பிப்பவர்கள் எல்லாருமே சரியான விரல் வந்த பிறகு தாளத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். உண்மை நேர் எதிர். தாளத்தைப் பிடித்துக்கொண்டால் விரல் தானாக ஓடி வந்து சேரும்.

இப்போது திங்கட்கிழமை தவிர மற்ற சாயங்காலங்களில் அந்தத் திண்ணையில் இரண்டு பேர் ஒரு கிடாரை வாசிக்கிறார்கள். பார்ப்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது :-) மாமாவின் விரல்கள் நிமிரவில்லை, இனி நிமிரவும் போவதில்லை. நிலாப் பாட்டு இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. கணக்கு நோட்டில் வரவுப் பக்கம் காலியாகவே இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது ஒன்று போர்வை சுற்றிக் கிடக்கலாம். கிடாரோ, புல்புல்தாராவோ, ஆர்மோனியமோ... வெள்ளையடிக்கும்போது பிரித்துப் பாருங்கள். அதைக் கட்டி வைத்தவர் பக்கத்து அறையிலேயே இருந்தால், கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கற்றுக்கொள்வது சீக்கிரம் நடக்கும்.